கொசுறாக வந்த ஒரு தண்டு

காய்கறிக் கடையில் காசு கொடுத்து முடித்த பிறகு கடைக்காரர் பைக்குள் போடும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக் கொசுறு என்று பெயர். அதற்குக் கணக்கு கிடையாது. ஆனால் அது விழாவிட்டால் வாங்கியவர் முகம் சுருங்கிவிடும். 1880இல் பாரிஸ் ஓவியர் ஒருவர் தம் வாடிக்கையாளருக்கு அனுப்பிய கொசுறு, இன்று அதே நகரத்தின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

ஓவியர் எதுவார் மனே. வாங்கியவர் சார்ல் எஃப்ருசி. இவர் ஒதெஸ்ஸாவில் தானிய வணிகத்தில் தொடங்கி வங்கித் தொழிலுக்கு வளர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. பாரிஸில் கலை விமர்சகராகப் பெயர் எடுத்தவர். ரெனுவார் வரைந்த படகோட்டிகளின் மதிய விருந்தில், வெயிலுக்கு வைக்கோல் தொப்பி போட்டிருக்கும் கூட்டத்தின் பின்னால் கறுப்பு உயரத் தொப்பியோடு நிற்பவர் இவர்தான் என்பார்கள். மனேயிடம் இவர் வாங்கியது ஒரு கட்டு ஆஸ்பரகஸ் தண்டுகளின் படம். பேசிய விலை 800 பிராங்க். எஃப்ருசி 1000 அனுப்பிவிட்டார். மனே மீதியைத் திருப்பித் தரவில்லை. ஒரு சின்னக் கித்தானை எடுத்து, ஒரே ஒரு தண்டை வரைந்து அனுப்பினார். கட்டில் ஒன்று குறைந்துவிட்டதாம், இதோ அது என்று கூடவே ஒரு சீட்டு.

கதை அழகானது. அழகு கூடிப்போனதே அதன் குறையும்கூட. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்கிறார்கள். இந்தச் சொற்பொழிவு நகராமல் நிற்க விரும்புகிறது.

முதலில் காயைப் பற்றி. ஆஸ்பரகஸ் நம் கறிச்சட்டிக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம்; ஆனால் அதன் இனம் நமக்கு அந்நியமில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு அதே பேரினத்துச் செடி. ஐரோப்பாவில் உண்பது கிழங்கை அன்று, வசந்தத்தில் மண்ணைப் பிளந்து வரும் இளந்தண்டை. அதன்மேல் மண்ணைக் குவித்து மூடி வளர்த்தால் வெயில் படாமல் பச்சையம் பிடிக்காது. தண்டு வெள்ளையாகவே நீளும். நுனி மட்டும் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது அதில் ஊதா ஏறும். பாரிஸை ஒட்டி சேன் நதிக்கரையில் இருக்கும் அர்ஜான்தெய் இந்தத் தண்டுக்குப் பேர்போன ஊர். மோனே என்ற இன்னொரு ஓவியர் 1870களில் குடியிருந்த, நம் மனே 1874இல் படகுகளை வரைந்த அதே அர்ஜான்தெய்தான்.

வெள்ளையிலிருந்து ஊதாவுக்குப் போகும் அந்தச் சில அங்குல தூரம்தான் மனே எடுத்துக்கொண்ட வேலை.

கட்டின் படம் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், வால்ராஃப்-ரிஷார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 46 சென்டிமீட்டர் உயரம், 55 அகலம். பின்புலம் இருண்ட பழுப்பு. கீழே பச்சை இலைப் படுக்கை. இலை என்று தனியாக எதையும் வரையவில்லை, பச்சையும் கருமையும் கலந்த தூரிகை வீச்சுகள் மட்டும். அதன்மேல் கட்டு படுத்திருக்கிறது, வாழைநார் போன்ற ஒரு கட்டுக்கயிறு சுற்றி. பத்தடி தூரத்தில் நின்றால் இன்று காலை சந்தையிலிருந்து வந்த கட்டு. ஈரம்கூடத் தெரியும்.

இரண்டடிக்கு வந்து தண்டுகளை எண்ணிப் பாருங்கள். முன்வரிசையில் நாலைந்து சரியாக வரும். அதற்குப் பிறகு கணக்கு கைநழுவும். ஒரு நுனி எங்கே முடிகிறது, பக்கத்து நுனி எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. ஊதா, நீலச்சாம்பல், கொஞ்சம் இளஞ்சிவப்பு, ஆங்காங்கே மஞ்சள். ஒரு வண்ணம் காயும் முன்னே அதன்மேல் அடுத்ததை இழுத்ததால் இரண்டும் ஓரத்தில் ஒன்றை ஒன்று நக்கியிருக்கின்றன. தண்டின் உடலோ நீளவாக்கில் ஒரே இழுப்பு. எண்ணவே முடியாத கட்டில் ஒன்று குறைந்தது என்று சீட்டு எழுதிய குறும்பு, படத்தை இப்படிப் பார்த்த பிறகுதான் முழுசாக உறைக்கிறது.

இதே காயை வேறு விதமாகவும் வரையலாம். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் ஆத்ரியான் கோர்ட்டே என்ற டச்சு ஓவியர் 1697இல் வரைந்த ஆஸ்பரகஸ் கட்டு ஒன்று உண்டு. கல் விளிம்பு, இருட்டு, நடுவே ஒளி ஊடுருவும் தண்டுகள். அதில் தூரிகையின் தடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கோர்ட்டே தன் கையை மறைக்கிறார். மனே மறைக்கவில்லை, காயையும் காட்டுகிறார், அதைச் செய்த கையையும் சேர்த்தே காட்டுகிறார்.

இனி கொசுறு. ஏறத்தாழ 17க்கு 22 சென்டிமீட்டர். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைப் படுக்கை வசத்தில் பிடித்த அளவு. இதில் இருண்ட பின்புலம் இல்லை, இலைப் படுக்கை இல்லை, கயிறு இல்லை. வெளிறிய சலவைக்கல் பலகை கித்தானை நிறைக்கிறது. பலகையின் விளிம்புக்கு அருகே தண்டு கிடக்கிறது. கட்டை வரைந்தபோது இருட்டு அவருக்கு உதவிசெய்தது. கறுப்பின்மேல் வெள்ளை வைத்தால் எந்தக் கையும் எடுபடும். இங்கே வெள்ளையின்மேல் வெள்ளை. சாம்பலும் இளம் ஊதாவும் ஓடும் கல்மேல், அதே சாம்பலும் இளம் ஊதாவும் கொண்ட தண்டு. கல்லின் ரேகைகளாக ஓடும் கோடுகளும் தண்டின் உடலை உருட்டிக் காட்டும் கோடுகளும் ஒரே தட்டிலிருந்து எடுத்த வண்ணம். ஆனாலும் தண்டு கல்லோடு கரைந்துவிடவில்லை. அடியில் ஒரு மெல்லிய நிழல், நுனியில் கொஞ்சம் அழுத்தமான ஊதா. அவ்வளவுதான் பிடிமானம்.

வலது மேல் மூலையில் கையெழுத்து: ஓர் எழுத்து மட்டும், 'எம்'. ஒரு தண்டுக்கு ஓர் எழுத்து போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், இந்தச் சொற்பொழிவின் ஓட்டு சின்னதற்கு. போகிற போக்கில் ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பரப்பில் சின்ன கித்தான் பெரியதில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். விலையில் 200 பிராங்க் என்பது 800இல் நாலில் ஒரு பங்கு. சதுர சென்டிமீட்டருக்குப் பார்த்தால் கொசுறுதான் விலை கூடிய சரக்கு!

சின்ன அளவுக்கு வேறொரு காரணமும் இருந்தது, அது சிரிப்புக்குரியதில்லை. 1880இல் மனேயின் கால்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. சிஃபிலிஸ் முற்றி நரம்பைத் தாக்கியிருந்தது. அந்தக் கோடையைப் பாரிஸுக்கு வெளியே பெல்வூவில் சிகிச்சையில் கழித்தார். அங்கிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களின் ஓரத்தில் பிளம் பழத்தையும் பூவையும் நீர்வண்ணத்தில் வரைந்து அனுப்பினார். ஓர்சேயில் இருக்கும் ஒற்றை எலுமிச்சம்பழப் படமும் 1880ஐச் சேர்ந்ததுதான். பழம், காய், குவளையில் நாலு பூ: உட்கார்ந்த இடத்தில், ஒரே அமர்வில் முடிக்கக்கூடியவை. இடையே 1882இல் ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடப் படத்தையும் முடித்துக் காட்சிக்கு வைத்துவிட்டார். அதிலும் பணிப்பெண்ணின் முன்னே பளிங்கு மேடையில் ஆரஞ்சுப் பழங்கள், குவளையில் ரோஜா, சிவப்பு முக்கோண முத்திரையோடு பாஸ் பீர் புட்டி. அடுத்த வருடம் ஏப்ரலில் இடது காலை எடுக்க வேண்டி வந்தது. சில நாளில், ஏப்ரல் 30ஆம் தேதி, இறந்தார். வயது 51.

மனேயை இம்ப்ரஷனிஸ்ட் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1874 முதல் 1886 வரை அந்தக் குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றில்கூட அவர் படம் வைக்கவில்லை. அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சிதான் அவர் குறி. அந்த உலகத்தின் படிநிலையில் வரலாற்றுக் காட்சிகளும் புராணக் காட்சிகளும் உச்சியில். காயும் பழமும் வரைவது கடைசிப் படி. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே பிரெஞ்சு அகாதெமி வகுத்து வைத்த வரிசை அது. பிரெஞ்சில் இந்த வகைக்குப் பெயரே 'இறந்த இயற்கை'.

காய்ப் படத்துக்கு இவ்வளவு விலையா என்ற கேள்வியை மார்செல் புரூஸ்த் தம் பெரிய நாவலில் ஒரு பிரபுவின் வாயில் வைத்தார். கெர்மாந்த் கோமான், எல்ஸ்தீர் என்ற கற்பனை ஓவியரின் ஆஸ்பரகஸ் கட்டுக்கு 300 பிராங்க் கேட்டார்கள் என்று விருந்து மேசையில் அங்கலாய்க்கிறார். தட்டில் இருப்பதைப் போன்ற அதே காய்தானே என்பது அவர் வாதம். அந்த நாவலின் ஸ்வான் என்ற கலை ரசிகர் பாத்திரத்துக்குச் சாயல் தந்தவர்களில் எஃப்ருசியும் ஒருவர்.

கட்டின் கதை பாரிஸில் நிற்கவில்லை. எஃப்ருசிக்குப் பின் சில கைகள் மாறி, பெர்லின் ஓவியர் மக்ஸ் லீபர்மானிடம் வந்தது. பிரஷ்யக் கலை அகாதெமியின் தலைவராக இருந்த யூதர் அவர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அகாதெமியை விட்டு விலகி, 1935இல் காலமானார். அவர் மகள் குடும்பத்தோடு 1938இல் அமெரிக்கா போனார். பெர்லினிலேயே தங்கிவிட்ட மனைவி மார்த்தா, வதைமுகாமுக்குக் கொண்டுபோக வருகிறார்கள் என்று தெரிந்ததும் 1943இல் தூக்க மருந்தை அளவு மீறி விழுங்கி உயிரை விட்டார். மகள் வழியாகப் பேத்திக்குச் சென்ற படத்தை 1968இல் கொலோன் அருங்காட்சியகத்தின் ஆதரவாளர் குழு 13,60,000 ஜெர்மன் மார்க் கொடுத்து வாங்கியது. அந்த நகரத்தின் மேயராக இருந்து பிற்பாடு நாட்டின் சான்சலரான கொன்ராட் அடனாவரின் நினைவாக அளித்தது. குழுவுக்குத் தலைவர் டாய்ச்ச வங்கியின் ஹெர்மன் யோசெஃப் ஆப்ஸ்.

நினைவாக அளிப்பதில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு: எதை நினைப்பது, எதை விடுவது. 1974இல் அந்த அருங்காட்சியகம் 150ஆம் ஆண்டைக் கொண்டாடக் கண்காட்சி வைத்தபோது, ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர் ஒரு யோசனை சொன்னார். மனேயின் கட்டை ஓர் அறையில் தாங்கியில் நிறுத்தி, சுற்றிலும் பத்துப் பலகைகளில் அதை வைத்திருந்தவர்கள் யார், என்ன தொழில், என்ன விலை என்று எழுதி மாட்டலாம். விமர்சனம் ஒரு வரிகூட வேண்டாம், வெறும் தகவல். ஆப்ஸைப் பற்றிய பலகையில் நாஜி ஆட்சிக்காலத்தில் அவர் வகித்த பதவிகளும் இருந்தன. அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. ஹாக்கே அதே ஊரில் பால் மைன்ஸின் கலைக்கூடத்தில், அசலுக்குப் பதில் வண்ண நகலை வைத்துத் தம் பலகைகளை மாட்டினார். டானியல் பூரன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் அந்தப் பலகைகளின் பிரதிகளை அருங்காட்சியகத்துக்குள்ளேயே தம் படைப்பின்மேல் ஒட்டினார். நிர்வாகம் வெள்ளைத்தாள் ஒட்டி அவற்றை மூடியது.

ஒரு கட்டுக் காய்கறிக்கு இத்தனை வழக்கு.

ஒற்றைத் தண்டின் பயணம் இவ்வளவு நெடியதாகப் பேசப்படவில்லை. 1959இல் சாம் சால்ஸ் என்ற நியூயார்க் கலை வணிகர் அதைப் பிரெஞ்சு அருங்காட்சியகங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். படம் விற்றுப் பிழைத்தவர், விலை வாங்காமல் கொடுத்தது அது. இன்று கட்டைப் பார்க்க கொலோன் போக வேண்டும், குறைந்த தண்டைப் பார்க்க பாரிஸ். இரண்டுக்கும் நடுவே ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள்தான்.