மாலைதீவில் வேலையும் கடலுக்குள் இறங்குவதும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாலைதீவில் ஆசிரியையாக வேலை செய்வது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். அதோடு சுழியோடுதலையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றதும் செயலாளர் சிரித்தா. ஏழு வருடம் ஒரு சின்னத் தீவில் இருந்தவளுக்கு இரண்டையும் பிரித்துப் பேச வராது.

கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். வவுனியாவிலிருந்து கட்டுநாயக்கா போகத்தான் கூட நேரம் எடுக்கும். ஏறத்தாழ 1,200 தீவுகளில் சனம் குடியிருப்பது 200 அளவிலான தீவுகளில்தான். பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் படிப்பு, கேம்பிரிட்ஜ் பரீட்சை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்களை எடுக்கிறார்கள். தமிழ்மூலம் படித்த எங்களுக்கு முதல் தவணை கஷ்டம்தான். பாடம் தெரியும், அமுக்கம் என்று மனதில் வருவதை வாய் பிறஷர் என்று சொல்லக் கொஞ்ச நாள் வேண்டும்.

போக நினைப்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள். சம்பளம் ருஃபியாவிலா டொலரிலா, வீடு யார் தருவது, லீவுக்கு ரிக்கற் யார் எடுப்பது, எந்தத் தீவு, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. பிற மதத்தவர் அங்கே பொது இடத்தில் வழிபட முடியாது. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகவும் தடை. அம்மா பெட்டிக்குள் ஒரு பிள்ளையாரை வைத்துவிடுவா, பார்த்து எடுத்துவிடுங்கள். சாப்பாடு அந்நியமாக இராது. நாங்கள் சம்பலுக்கு இடிக்கும் மாசி அந்த நாட்டுச் சரக்குத்தானே.

இனிக் கடல். 2004 மார்கழி 26 க்குப் பிறகு முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைக்குக் கடல் என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. அன்று அதே அலை மாலைதீவையும் அடித்தது. கண்டொல்ஹுதூ என்ற தீவு குடியிருக்க முடியாததாகிப் போனது. அந்த ஊர்ச் சனம் சில வருடங்கள் வேறு தீவுகளில் சிதறி இருந்து, பிறகு துவாஃபரு என்ற ஆளில்லாத தீவில் புதிதாகக் குடியேறியது. எங்களைப் போல இடம்பெயர்ந்த சனம். ஆனாலும் அந்த நாட்டில் பிள்ளைகள் பின்னேரமானால் கடலுக்குள்தான். என் வகுப்புப் பிள்ளைகள் நீந்தும்போது நான் கைப்பையோடு கரையில் நிற்பேன். ரீச்சர் ஏன் இறங்கவில்லை என்று கேட்பார்கள்.

எங்கள் கரையிலும் சுழியோடுதல் புதிதல்ல. சங்கு குளிப்பவர்களும் கடலட்டை எடுப்பவர்களும் சிலிண்டர் கட்டி இறங்குகிறார்கள். அதில் கைகால் விளங்காமல் போனவர்களும் உண்டு. கடலம்மா கோபித்தாள் என்று சொல்வோம். காரணம் உயர்தர வகுப்பில் படித்ததுதான். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரண்டு வளிமண்டலம், 30 மீற்றரில் நான்கு. போயிலின் விதிப்படி, 10 மீற்றரில் சுவாசப்பையை நிரப்பி மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். ஹென்றியின் விதிப்படி ஆழத்தில் நைதரசன் கூடுதலாக உடலில் கரைகிறது. நெடுநேரம் கீழே இருந்துவிட்டு விரைவாக எழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல அது குமிழிகளாகும். அதனால்தான் மாலைதீவுச் சட்டம் பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு 30 மீற்றர் எல்லை வைத்திருக்கிறது. அதனால்தான் பல தடவை இறங்கியவர் விமானம் ஏற 18 மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். எங்கள் கரைத் தம்பிமாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை.

ஆரம்பப் பயிற்சி மூன்று நான்கு நாள். 200 மீற்றர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், நான்கு தடவை கடலில் இறங்க வேண்டும். முடித்தால் 18 மீற்றர்வரை போகலாம். எனக்கு அந்த நான்கு நாள் பெரிதல்ல. நீச்சல் பழகத்தான் எட்டு மாதம் எடுத்தது, அதுவும் நெஞ்சளவு தண்ணீரில், முப்பத்தொரு வயதில். உடுப்பை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். ஊர்த் தீவுகளில் பெண்கள் முழு உடுப்போடுதான் இறங்குகிறார்கள், சுழியோடும் உடுப்பும் கணுக்கால்வரை மூடும்.

கீழே பார்த்ததைச் சொல்ல நேரம் போதாது. ஒன்று மட்டும். ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மறையும். கை கீறினால் இரத்தம் பச்சையாகத் தெரியும். அடுத்த நாள் ஒளிப் பாடத்துக்கு அதைவிட வேறு உதாரணம் தேவைப்படவில்லை. 1998 இலும் 2016 இலும் கடல் சூடாகி வெளிறிய பவளப் பாறைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டித்தான் படிப்பித்தேன்.

இதற்கெல்லாம் மாலைதீவு போகவேண்டும் என்றில்லை. நிலாவெளியில் புறாத்தீவு இருக்கிறது. சோளகக் காலத்தில் அந்தக் கடல் அமைதி. ஆனால் முதலில் நீந்தத் தெரிய வேண்டும். பாதி ஊர்ப் பெயர்கள் குளம் என்று முடிகிற வன்னியில், எங்கள் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை நீச்சலுக்கு ஒதுக்குங்கள். தடாகம் கட்டச் சொல்லவில்லை. ஒரு பெண் பயிற்றுநர், தடாகத்துக்குப் போய்வர ஒரு வாகனம், பெற்றோருடன் ஒரு கூட்டம். தரம் 8 இல் இருபது பிள்ளைகளோடு தொடங்கலாம். முதல் வருட வாகனச் செலவு என்னுடையது. இரண்டாம் வருடத்துக்கு யார் என்பதை இன்றைய தேநீர் இடைவேளைக்குள் முடிவெடுத்துவிடுவோம்.