ஜீவனாம்சமும் தறிக் கூலியும்



மணவிலக்குப் பெற்ற மனைவிக்கு ஜீவனாம்சம் இவ்வளவு என்று கூறும் வாய்பாடு சட்டத்தில் இல்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதம் 500 ரூபாய்க்குமேல் தரலாகாதென வரம்பிட்டிருந்தது; 2001இல் அவ்வரம்பு நீங்கிற்று. 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமென்றது. மாதச் சம்பளக்காரனுக்கு அது சரி. நம் காஞ்சியில் சேலைக்கு இவ்வளவென்று கூலி பெறும் நெசவாளன், 'எனக்கு வருமானமே இல்லை' என்று கைவிரித்தால்?

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும். இருதரப்பாரும் வருமானம், சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். மனுச் செய்த நாள் முதலே தொகை கணக்கிடப்பெறும். ஆகவே கூட்டுறவுச் சங்கக் கூலிக் கணக்கையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். தனியார் முதலாளியிடம் நெய்பவனுக்குக் கணக்கேடு கிடைப்பதரிது. (முதலாளியிடம் ஏடு இருக்கும்; காட்டமாட்டார்!) அப்போது மாதம் எத்தனை சேலை அறுத்தான் என அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லலாம்.

தார் சுற்றியவளும், கோர்வைக்குப் பக்கத்தில் அமர்ந்து நாடா தள்ளியவளும் அந்த மனைவியே. கூலியோ அவன் பெயரில் ஏறியது. அதனையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையெனத் தயங்கவேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.