குடும்பஸ்தன் ஓடிய 21 கிலோமீட்டர்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேகாரோக்கியத்தைக் குறித்து இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டபோது நான் பெரிதும் தயங்கினேன். நான் வைத்தியனல்லன், தேகப்பயிற்சி ஆசிரியனுமல்லன். பாத்திரக் கடை நடத்துபவன். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். ஆயினும் சென்ற ஜனவரி மாதத்தில், என் 43-ஆம் வயதில், சென்னையில் நடந்த அரை மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டு முழுத் தூரத்தையும் கடந்து வந்தேன் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. அதைப் பற்றியே பேசு என்கிறார்கள். ஓடிய கதையைக் காட்டிலும், ஓடுவதற்கு வேண்டிய நேரம் எங்கிருந்து வந்தது என்பதே சபையோர் கேட்கத்தக்க விஷயமென்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1896-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் மாரத்தான் ஓட்டம் சற்றேறக்குறைய 40 கிலோமீட்டராக இருந்தது. 1908-ல் லண்டன் பந்தயத்துக்கு அளந்த 42.195 கிலோமீட்டர் என்ற கணக்கே 1921-ல் நிலையானதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் சரிபாதி, அதாவது 21 கிலோமீட்டரும் 97½ மீட்டரும், அரை மாரத்தான் எனப்படும். நம் மதுரையார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து அழகர்கோவில் ஏறக்குறைய அவ்வளவு தூரந்தான். சித்திரைத் திருவிழாவில் அழகரோடு மலையிலிருந்து வைகை வரையில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நடந்தே வந்தார்கள். அதற்காக அவர்கள் பதக்கம் கேட்டதுமில்லை. கால் வலிக்கிறதென்று மறுநாள் கடையைப் பூட்டியதுமில்லை. பேரப்பிள்ளைகளாகிய நாமோ தெருக்கோடிக்கும் வண்டியை எடுக்கிறோம்.

நம்மவர் தொழில் பெரும்பாலும் உட்கார்ந்து செய்யும் தொழில். என் தகப்பனார் முப்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்திருந்தார். சர்க்கரை வியாதி வந்தது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பின்னர் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். அவருடைய செருப்புகளில் ஒன்று தேய்ந்தும் மற்றொன்று புதிதாகவும் வாசற்படியருகே கிடந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் இரத்தத்தைப் பரிசோதித்த வைத்தியர், வியாதியின் எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இச்சபையில் அந்த இரவை அனுபவித்தவர் நான் ஒருவன் மட்டுமல்லன் என்று நினைக்கிறேன்.

சில மாதங்கள் நடந்தேன். பின்னர் ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குச் சென்று ஓடத் தொடங்கினேன். 200 அடி வைப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஆதலால் ஒரு நிமிஷம் ஓடுவது, இரண்டு நிமிஷம் நடப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒருவர் இருந்தால் தடையின்றிப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்பது பொருள். இவ்வொன்றை மாத்திரம் கடைப்பிடித்தால் புதியவனுக்குப் பெரும்பாலான துன்பங்கள் வாரா. நான் கடைப்பிடிக்கவில்லை. ஆறாவது வாரத்தில் மூச்சு சீர்ப்பட்டதும், புதூர் வரையில் ஓடிவந்தவன் திடீரென்று மூன்றுமாவடிக்கும் அப்பால் போய்த் திரும்பினேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நெடுகிலும் வலி கண்டது. பத்து நாள் படி இறங்கவே பக்கவாட்டில் இறங்கினேன். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புகளும் தசைநார்களும் பழகுவதற்கு மாதங்கள் வேண்டும். இதை முன்பே எவரேனும் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

சர்க்கரை வியாதிக்கு ஏற்கெனவே மருந்து உண்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஓடத் தொடங்கலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கும் சிலவகை மாத்திரை உண்போர்க்கும் ஓட்டத்தினிடையே இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும். அவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருத்தல் அவசியம்.

இனி நேரத்தின் கணக்கிற்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரத்துக்குமேல் ஆகாது என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மூன்றாவது மாதத்தில் ஒரு ஞாயிறன்று கடச்சனேந்தல் வரையில் ஓடி, நண்பர்களோடு காப்பியும் அருந்தி, எட்டரை மணிக்கு வீடு திரும்பினேன். இளைய மகளுக்குக் காய்ச்சல். மூத்தவனுக்குப் பரீட்சைப் பாடம் நிற்கிறது. அடுப்பில் பால் பொங்கிக் கிடக்கிறது. என் மனைவியார் பள்ளி ஆசிரியை. அவருக்கும் வாரத்தில் ஓய்வுள்ள நாள் அஃதொன்றுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்கள் ஓடுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நீங்கள் ஓடுகிற நேரமெல்லாம் நான் கொடுக்கிற நேரம். அதை நீங்கள் அறிந்ததாகத் தெரியவில்லையே" என்றார்.

கடையில் ஒரு தம்ளர் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, இந்தக் கணக்கு மூன்று மாதம் தெரியவில்லை! அன்று மாலை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இருவருமாக வாரத்தை எழுதினோம். செவ்வாயும் வியாழனும் காலை எனக்கு. புதனும் வெள்ளியும் அவருக்கு. ஞாயிறன்று நான் நாலரைக்குப் புறப்பட்டு ஏழரைக்குள் திரும்ப வேண்டும்; அதன்பின் பகல் வரையில் அடுப்படியும் குழந்தைகளும் என் பொறுப்பு. இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பது. இதனால் நம் சங்கத்து இரவுக் கூட்டங்களுக்கு நான் வாராதிருந்தேன். எட்டு மணிக்கென்று அறிவித்து, ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்து, பதினொரு மணிக்குப் பலகாரத்தோடு முடிகிற கூட்டங்கள் நம் ஆரோக்கியத்துக்கு உகந்தவைதாமா என்பதை நிர்வாகிகள் ஆலோசிப்பார்களாக. மகளுக்குத் தலைபின்னவும் கற்றுக்கொண்டேன். பின்னல் இன்றும் கோணல்தான்.

புதனும் வெள்ளியும் தமக்குக் கிடைத்தபோது என் மனைவியாரும் காலையில் நடக்கப் புறப்பட்டார். அதைக் கண்டு உறவினர் சிலர், "குழந்தைகளை விட்டுவிட்டுத் தாயானவள் விடியற்காலையில் தெருவில் சுற்றலாமா?" என்றார்கள். நான் மூன்று மாதம் ஓடியபோது இவர்களில் எவரும் குழந்தைகளைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1948-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்கு வந்த ஹாலந்து தேசத்து ஃபானி பிளாங்கர்ஸ்-கோயன் என்னும் அம்மையாரையும், இரு குழந்தைகளை வைத்துக்கொண்டு இவருக்கு ஓட்டம் எதற்கென்று பலர் நிந்தித்தார்கள். 30 வயதான அவ்வம்மையார் நான்கு தங்கப் பதக்கங்களோடு ஊர் திரும்பினார். ஒலிம்பிக்கில் ஸ்திரீகளுக்கு மாரத்தான் ஓட்டம் வைப்பதற்கோ 1984 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஞாயிறு ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரந்தோறும் குறைத்து, டிசம்பரில் 18 கிலோமீட்டர் வரை வந்தேன். ஐப்பசி மழையிலும், மகனுடைய அம்மை நோயிலும் மூன்று வாரங்கள் போயின; விட்டதைப் பிடிக்க முயலவில்லை. முழுத் தூரத்தைப் பந்தய நாளுக்கு முன் ஓடிப்பார்க்கவுமில்லை. புதியவனுக்கு அது தேவையுமில்லை.

சென்னையில் இருள் பிரியுமுன் புறப்பட்டோம். முதல் 15 கிலோமீட்டர் இலகுவாகவே சென்றது. சூரியன் ஏறியபின், பதினேழாவதில் கால்கள் மரக்கட்டையாயின, நடந்தேன். வழியில் வாழைப்பழமும் உப்பிட்ட நீரும் கொடுத்தார்கள். தாகமில்லாமலே நீரை மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்து நேரும். ஆகையால் தாகத்துக்குத் தக்கபடியே பருகினேன். 2 மணி 41 நிமிஷத்தில் முடித்தேன். வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது மகள், "அப்பா, நீங்கள் எத்தனையாவது?" என்று கேட்டாள். எனக்குப் பின்னாலும் சிலர் வந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். சென்ற மாதம் மீண்டும் பரிசோதித்ததில் சர்க்கரை எல்லைக்கு உட்புறம் இறங்கியிருக்கிறது. அங்கேயே நிற்குமென்று வைத்தியர் உறுதி கூறவில்லை.

இனி வரும் ஜனவரியில் ஓடப்போகிறவர் என் மனைவியார். இப்போது 12 கிலோமீட்டர் வரையில் வந்திருக்கிறார். அடுத்த நிர்வாக சபைக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கென்று அறிவித்திருக்கிறார்கள். அது அவருடைய நீண்ட ஓட்டத்தின் நேரமாதலால் நான் குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டுதான் வர நேரிடும். சிறிது சத்தத்தைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.