மிதிவெடி: ஒரு சொல்லும் இரு சட்டங்களும்



மண்ணில் புதைத்த வெடி எதுவாயினும் அதனைக் ‘கண்ணிவெடி’ என்றே நாம் பெரும்பாலும் எழுதுகிறோம். கண்ணி என்பது பறவைக்கு வைக்கும் சுருக்கு. சொல் நல்ல சொல்தான். ஆயினும், பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாண வேருடைய குடும்பங்களிடம் வேறொரு சொல்லையும் கேட்கலாம்: மிதிவெடி. ஆளின் காலடி பட்டால் வெடிப்பது மிதிவெடி. வாகனத்தைத் தகர்க்கப் புதைப்பது கண்ணிவெடி. எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடி வகுத்த வேறுபாடன்று இது. போர்க்காலத்தில் வயலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தவர்கள் வகுத்தது.

பன்னாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது. மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை 1996-இல் திருத்தப்பட்டது. ஆள் அருகில் வருவதாலோ தொடுவதாலோ வெடிக்குமாறு ‘முதன்மையாக’ வடிவமைக்கப்பட்டதே ஆளெதிர்ப்பு வெடி என்றது அது. இந்த வினையடையை நோக்குங்கள். வெடியின் முதன்மை நோக்கம் வேறு என்று ஓர் அரசு வாதிட்டால், ஆளைக் கொல்லும் வெடியும் வரையறைக்கு வெளியே போய்விடும். 1997-இன் ஒட்டாவா உடன்படிக்கை அதே வரையறையை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்கியது. நாற்பதாண்டுகள் வினையடை பற்றிப் பாடம் நடத்தியவன் நான். இத்தனை உயிர்களைச் சுமந்த வினையடை ஒன்றை வேறெங்கும் கண்டதில்லை.

எல்லையில் இவ்விரு சட்டங்களும் எங்ஙனம் பிரிகின்றன? 2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டபின், பாகிஸ்தான் எல்லை நெடுக இந்தியா வெடிகளைப் புதைத்தது. இந்தியா நெறிமுறையை ஏற்ற நாடு. ஒட்டாவாவில் சேராத நாடு. நெறிமுறை புதைப்பதை முற்றாகத் தடுப்பதில்லை. வேலியிடு, குறியிடு, பதிவுசெய், கண்காணி என்கிறது. ஒட்டாவாவிலோ ‘புதைக்கலாம், ஆனால்’ என்னும் தொடருக்கே இடமில்லை.

மலேசியா 1997-இலேயே கையெழுத்திட்டு, 2001-இல் தன் இருப்பை அழித்து முடித்தது. இலங்கை 2017-இல்தான் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதற்குரிய பத்தாண்டுத் தவணை 2028 ஜூனில் முடிகிறது. முகமாலையில் பெண்களும் முழந்தாளிட்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாகக் கீறித் தேடியது இந்தப் பணிக்காகத்தான்.

2025-இல் லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை ரஷ்ய எல்லையைக் காரணங்காட்டி விலக முடிவு செய்தன. விலகல் ஆறு மாதங்களுக்குப் பின்பே செல்லும். அப்போது விலகும் நாடு போரில் இருந்தால், போர் முடியும்வரை அது செல்லாது. போரிலிருக்கும் உக்ரைனோ ‘விலகல்’ என்னாது ‘இடைநிறுத்தம்’ என்றது. அப்படியொரு சொல் உடன்படிக்கையில் இல்லை.

இம்மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோள். கலைச்சொல் பட்டியலில் ‘மிதிவெடி’யைத் தனிச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். இடறுகம்பியால் வெடிப்பதற்கு அது பொருந்தாது என்பதை அறிவேன். இரண்டையும் அடக்கும் பொதுப்பெயராக ‘ஆளெதிர்ப்பு வெடி’ இருக்கட்டும்.