அழுத்தமும் கரிப் பந்துகளும்



திருவனந்தபுரத்து ஆரியசாலையிலும் அதனையடுத்த சாலைக் கடைத்தெருவிலும் தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அத்தகைய கடைத்தெருவில் எலுமிச்சம்பழங்களை அடுக்கி வைத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு பழம் மற்றொன்றைத் தொட்டிருக்கிறதேயன்றி ஒட்டியிருக்கவில்லை. அவ்வாறே அடுங்கிய கரிப் பந்துகளைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அறுபது கரி அணுக்கள் கூடி உள்ளீடற்ற பந்தாக அமைந்த மூலக்கூற்றைக் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி முதலியோர் 1985-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இம்மூவருக்கும் 1996-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. திடப்பொருளில் இப்பந்துகளின் நடுப்புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராம் தூரமுண்டு. வாயுமண்டல அழுத்தத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு அழுத்திச் சூடும் ஏற்றினால், அத்தூரம் 9 ஆங்ஸ்ட்ராம் அளவிற்குக் குறைகிறது. அண்டைப் பந்துகளிடையே புதிய பிணைப்புகள் தோன்றுகின்றன. அழுத்தமும் வெப்பமும் எத்துணை என்பதற்கேற்ப, பந்துகள் சங்கிலியாகவோ தகடாகவோ கோவைப்படுகின்றன. இதனையே பாலிமர் என்கிறோம்.

உலோகம் சேரின் நிகழ்வது வியப்பிற்குரியது. பந்துக்கு ஒன்றாகப் பொட்டாசியம் அல்லது ருபிடியம் அணுவைச் சேர்த்தால், அவ்வணு தன் எலக்ட்ரான் ஒன்றைப் பந்துக்கு ஈகிறது. பின்னர், சூடு தணியும்போது, புற அழுத்தமின்றியே பந்துகள் சங்கிலியாகின்றன. ருபிடியச் சங்கிலி சாதாரண வெப்பநிலையில் மின்சாரத்தையும் கடத்துகிறது.

பேரழுத்தத்தை உண்டாக்குவது எங்ஙனம்? இரு சிறு வைரங்களின் முனைகளுக்கிடையே பொருளை வைத்து நெருக்குவது ஒரு முறை. விசை பெரிதன்று, அது படும் பரப்பு மிகச் சிறிதாதலின் அழுத்தம் மிகுகிறது. வைரமும் கரியே என்பது நினைவிருக்கட்டும்! பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பணிபுரிந்து, பின் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திற்குச் சென்ற ஏ. ஜெயராமன், இம்முறையைப்பற்றி 1983-இல் எழுதிய நெடுங்கட்டுரை இத்துறையினர்க்கு வழிகாட்டியாயிற்று. கல்பாக்கத்து அறிஞர்களும் கரிப் பந்துகளை அழுத்தி ஆராய்ந்துள்ளனர்.

அழுத்தம் நீங்கியபின் நிலைப்பது எது என்பதே இங்கு முதன்மையான வினா. அழுத்துங்கால் மட்டும் தோன்றி மறையும் அமைப்பை எடுத்துப் பயன்படுத்த இயலாது. அழுத்தத்தால் கோவைப்பட்ட கரிப் பந்துகளோ அழுத்தத்தை நீக்கிய பின்னும் பிரிவதில்லை. ஆயினும், சுமார் 300 பாகை சென்டிகிரேடு சூடேற்றினால் மீண்டும் தனித்தனியாகின்றன.

வேற்றூரில் அண்டை அயலாராய்க் குடியேறிய நேயர்களுக்கு இது புதிதன்று. இடுக்கண் சேர்த்து வைத்த உறவு, இடுக்கண் தீர்ந்த பின்னும் நிற்குமாயின் அதுவன்றோ உறவு!