பேச மட்டும் ரீசார்ஜ் – கேட்டு வாங்குவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "எங்கிட்ட இருக்கிறது பட்டன் போன். இதுல நெட்டே பார்க்கிறதில்லை. அப்புறம் எதுக்கு நெட்டுக்கும் சேர்த்துக் காசு கட்டணும்?" நியாயமான கேள்வி.

போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 1997-ல் 'டிராய்' என்ற ஆணையத்தை அமைத்தது. இந்த ஆணையம் 2024 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டுமான ஒரு திட்டமாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும். அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம். 2025 ஜனவரியில் கம்பெனிகள் இப்படிப்பட்ட திட்டங்களை அறிவித்தன.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். விலையை வைப்பது டிராய் இல்லை, கம்பெனிதான். அதனால் திட்டத்தின் விலையை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க. வட்டிக்கணக்கு போடுற நமக்கு இது பெரிய விஷயமா? அதிக நாள் திட்டத்துக்கு மொத்தமாகக் கட்டுவது கூலி வேலைக்குப் போறவங்களுக்குச் சிரமம்தான். கையில் உள்ளதைப் பார்த்து முடிவு செய்யுங்க.

கடையில் கூசாமல் சொல்லுங்க: "நெட் வேண்டாம், பேச மட்டும் போடுங்க." இல்லைன்னா கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்க. நம்பரை மாற்றாமலே வேறு கம்பெனிக்குப் போகும் வசதியும் 2011 முதல் நாடு முழுக்க இருக்கு.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. நாம கேட்டால்தான் அது கைக்கு வரும்.