வாயில் இல்லாத ஊடல்



நினைவுப் பேருரையில் கணவன் மனைவி சண்டையைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையை எழுதிய அம்பேத்கர், கலப்பு மணமே சாதிக்கு உண்மையான மருந்து என்றார். அந்த மணத்தை நடத்தி வைக்கிறோம். மறுநாள் முதல் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

சொல்லாமல் சண்டையிடுவதற்குத் தமிழில் ஊடல் என்று பெயர். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் அதைப் பற்றியவை. கணவன் தும்மினால், யார் நினைத்ததால் தும்மினாய் என்று அவள் அழுகிறாள். தும்மலை அடக்கினால், யாரை மறைக்கிறாய் என்று மீண்டும் அழுகிறாள். ஊடலைத் தீர்க்கத் தொல்காப்பியம் பன்னிரண்டு வாயில்களைச் சொல்கிறது: தோழி, தாய், பாணன், விருந்தினர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதே நூல்தான் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக் காதலுக்கு வெளியே நிறுத்துகிறது. உழைப்பவருக்கு ஊடல் இல்லையா, தோழர்களே?

தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் ஒற்றை அறை வாடகை வீடுகளைப் பாருங்கள். மெப்ஸில் ஒருவருக்குப் பகல் ஷிப்ட், இன்னொருவருக்கு இரவு ஷிப்ட். முகம் பார்க்காமல் சோறு போடுவதும், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதும்தான் அங்கே சண்டை. சாதி மறுத்து மணந்தவர்கள் குரலை உயர்த்த அஞ்சுகிறார்கள். வாய்தவறி ஒரு சொல் வந்தால் வீட்டுக்காரருக்குச் சாதி தெரிந்துவிடும், வீடு போய்விடும். கோபித்துக்கொண்டு போகத் தாய்வீடும் இல்லை. 2024 பிப்ரவரியில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள பள்ளிக்கரணையில், சாதி மறுத்து மணந்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதை அறிந்த வீடுகளில் மௌனம் ஊடல் அல்ல, அச்சம். இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தெரியும்.

இன்னொன்றையும் நம் ஆண்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டை வீசுவதும், கதவை அறைவதும், நாள்கணக்கில் பேசாமல் இருந்து பணிய வைப்பதும் ஊடல் ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, மனத்தை வதைப்பதையும் வன்முறை என்கிறது. வெளியே சாதியை எதிர்ப்பவனுக்கு உள்ளே விலக்கு கிடையாது.

அந்த வீடுகளுக்கு இன்று வாயில்கள் இல்லை. தோழியும் தாயும் உறவும் கதவை மூடிவிட்டார்கள். மாலை மாற்றிக் கொடுத்ததோடு நம் வேலை முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போவோம், உட்கார்ந்து சாப்பிடுவோம், அவளிடமும் தனியே பேசுவோம். தொல்காப்பியப் பட்டியலில் விருந்தினரும் ஒரு வாயில்தான். அந்த இடம் நமக்காகக் காத்திருக்கிறது.

ஜெய் பீம்.